‘மரபுப் பாடல்’ என்று எழுதினால் யார் பெயர் அழிகிறது?

கூடங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் நாங்கள் மாலைநேரப் படிப்பு மையம் நடத்தி வருகிறோம். மொட்டைமாடியில் நின்றால் ஒரு பக்கம் காற்றாலைகள், இன்னொரு பக்கம் அணு உலைக் கட்டிடங்கள். 2019-இல் அந்தக் காலனி ஆச்சி ஒருவர் பாடிய நடவுப் பாட்டைக் கைபேசியில் பதிவு செய்தோம். எங்கள் ஊர்ப் பக்கம் மானாவாரி பூமி. ஆச்சி இளவயதில் கூலிக்கு நடவுக்கும் அறுப்புக்கும் தாமிரபரணிப் பாசன ஊர்களுக்குப் போய் வந்தவர். அங்கே கேட்டும் பாடியும் மனதில் தங்கிய பாட்டு அது. மையத்துப் பையன்கள் பறையும் கிதாரும் சேர்த்து வாசித்தார்கள். நான்கு நிமிட வீடியோவாக வெளியிட்டோம். வீடியோவின் கடைசியில் பறை வாசித்தவர் பெயர், கிதார் வாசித்தவர் பெயர், எடிட்டிங் செய்த தம்பியின் பெயர், எங்கள் மையத்தின் பெயர் எல்லாம் வந்தன. பாட்டு என்ற இடத்தில் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டோம்.

மூன்று வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில், தமிழ்நாடே ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டு யாருடையது என்று பேசிக்கொண்டிருந்தது. மையத்திலும் அதைப் பற்றி ஒரு விவாதம் வைத்தோம். அறிவின் பெயர் எப்படியெல்லாம் விடுபட்டது, இருட்டடிப்பு என்றால் என்ன, சாதி எப்படிக் கலைக்குள்ளும் வேலை செய்கிறது என்று நாங்கள் விரிவாகப் பேசினோம். பேசி முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: “நம்ம வீடியோவுல ஆச்சி பேரு எங்கக்கா?”

எங்களிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஒரு பாட்டு எப்படி எழுதப்படுகிறது, எப்படிப் பதிவாகிறது, அந்தப் பாதையில் யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் உதிர்கிறது என்பதை இரண்டு பாடல்களின் வரலாற்றை வைத்துப் பார்ப்போம். ஒன்று இங்கிலாந்தில் பதிவான புகழ்பெற்ற ராக் பாட்டு. இன்னொன்று நம்முடையது.

ஒரே டேக், ஒரே பெயர்

கிதார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பலரும் தொடக்கத்திலேயே வாசித்துப் பார்க்கும் பாட்டு ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’. நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள ஒரு வீடு ஏழைகளின் வாழ்க்கையை எப்படிச் சீரழித்தது என்று சொல்லும் சோகப் பாட்டு. உலகம் இன்று அதை ‘தி அனிமல்ஸ்’ என்ற இசைக்குழுவின் பாட்டாகவே அறிந்திருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கப்பல் கட்டும் தொழிலுக்கும் பேர்போன நியூகாசில் நகரத்தில் உருவான ஐந்து பேர் கொண்ட குழு அது. கறுப்பின ராக் கலைஞர் சக் பெர்ரியோடு சுற்றுப்பயணத்தில் இருந்தபோது மேடையில் இந்தப் பாட்டைப் பாடி நல்ல வரவேற்பைப் பார்த்தார்கள். 1964 மே 18 அன்று லண்டனில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், ஒரே டேக்கில் பாடி முடித்துவிட்டார்கள். எரிக் பர்டனின் குரல், ஹில்டன் வாலன்டைனின் கிதார், ஆலன் பிரைஸின் ஆர்கன், சாஸ் சாண்ட்லரின் பேஸ், ஜான் ஸ்டீலின் டிரம்ஸ். ஒரு பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் வானொலிக்காரர்கள் தயங்கிய காலத்தில் இது நான்கரை நிமிடம் ஓடியது. அப்படியும் அந்த ஆண்டே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்தது.

இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில், மரபுப் பாடல், இசை ஒழுங்கமைப்பு பிரைஸ் என்று மட்டும் அச்சாகியிருந்தது. ஐந்து பேர் பெயரையும் போட லேபிளில் இடம் போதாது என்று அப்போது காரணம் சொன்னதாக மற்ற உறுப்பினர்கள் பின்னாளில் சொன்னார்கள். அந்த ஒரு வரியால் பாட்டின் ராயல்டி ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது. பாட்டின் தொடக்கத்தில் ஒலிக்கும் கிதார் இழையைத்தான் இன்றும் உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். அதை வாசித்தவரின் பெயர் லேபிளில் இல்லை. நண்பர்களுக்குள் இது ஆறாத புண்ணாகவே இருந்தது.

இதுவரை உள்ள கதையை ராக் இசை ரசிகர்கள் பலரும் அறிவார்கள். ஆனால் அதற்கும் கீழே ஒரு கதை இருக்கிறது. அனிமல்ஸ் பாடுவதற்கு முன்பே பாப் டிலன் தன் முதல் ஆல்பத்தில் இந்தப் பாட்டைப் பாடியிருந்தார். அவர் பாடிய விதம் டேவ் வான் ராங்க் என்ற சக பாடகர் உருவாக்கியது. வான் ராங்க் தானே பதிவு செய்ய வைத்திருந்ததை டிலன் முந்திக்கொண்டார். அதற்கும் முன்பு லெட் பெல்லி, ஜோஷ் வைட் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் இதைப் பாடிப் பதிவு செய்திருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1937. நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் கனமான ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு கென்டக்கி மலைப்பகுதியில் ஊர் ஊராகப் போனார். மிடில்ஸ்பரோ என்ற ஊரில் ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் அவருக்கு இந்தப் பாட்டைப் பாடிக் காட்டினாள். சுரங்கத் தொழிலாளியின் மகள். லோமாக்ஸ் தன் புத்தகத்தில் அவள் பெயரைக் குறித்து வைத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் பாட்டு அங்கிருந்து நகர்ந்து பாடகர் பாடகராகக் கைமாறி 1964-இல் லண்டன் லேபிளை எட்டியபோது அந்தப் பெயர் உதிர்ந்து, ‘மரபு’ என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சியது. பெண் தன் துயரத்தைப் பாடுவதாகப் பலர் பாடிவந்த பாட்டு, அனிமல்ஸ் குரலில் ஓர் ஆணின் கதையாகவும் மாறிவிட்டது. உலகப் புகழ் பெற்ற அந்தப் பாட்டால் ஜார்ஜியாவுக்குக் கிடைத்தது மிகச் சொற்பத் தொகை.

ஜார்ஜியாவும் அந்தப் பாட்டை இயற்றியவள் அல்ல என்பது உண்மைதான். அவளுக்கு முன்பே 1933-இல் அது இசைத்தட்டில் வந்திருக்கிறது. அவளும் யாரிடமோ கேட்டுத்தான் பாடினாள். ஆனாலும் இந்தச் சங்கிலியைக் கவனியுங்கள். சுரங்கத் தொழிலாளி மகள் பாடினால் அது ‘மரபு’. மேடைக் கலைஞர் அதையே மாற்றி வாசித்தால் அது ‘ஒழுங்கமைப்பு’. மரபுக்குக் காசு இல்லை, ஒழுங்கமைப்புக்கு உண்டு.

தேயிலைக் காட்டிலிருந்து வந்த பாட்டு

இனி நம் பாட்டுக்கு வருவோம். அறிவு அரக்கோணத்துக்காரர். பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்கள். இயக்குநர் பா. ரஞ்சித் முன்கையெடுக்க, இசையமைப்பாளர் டென்மா ஒருங்கிணைத்து உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில்தான் பலரும் அவரை முதலில் பார்த்தோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் அந்தக் குழுவின் முதல் மேடை. கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற அடையாளம்தான் குழுவின் பெயராயிற்று. மெட்ராஸ் சேரிகளின் கானாவுக்கு அதுவரை சாவு வீட்டிலும் சினிமாவில் இரண்டு நிமிடக் கொண்டாட்டத்திலும் மட்டுமே இடம் இருந்தது. ஆணவக் கொலையையும் இடஒதுக்கீட்டையும் மேடையேறிப் பாட வைத்தது இந்தக் குழு. 2019-இல் அறிவு, ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்.

2021 மார்ச் 7 அன்று ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானது. பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரிப்பும் இசையும் சந்தோஷ் நாராயணன். சினிமாவில் இடம்பெறாத ஒரு தமிழ்ப் பாட்டு இவ்வளவு பெரிய அலையாக எழுந்து நாம் பார்த்ததில்லை. கல்யாண வீடு, கல்லூரி ஆண்டுவிழா, தேர்தல் பிரச்சாரம் என்று எங்கும் ஒலித்தது. ஆனால் அந்தத் துள்ளலுக்குள் இருந்தது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்பு நிலமில்லாமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த தலைமுறை. வீடியோவில் அந்தப் பாட்டியே அரியணை போன்ற நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பின்னணியை இளம் தோழர்கள் விரிவாக அறிந்துகொள்ள வேண்டும். பாட்டின் வரலாறு ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் முதலாளிகள் இலங்கை மலைகளில் காப்பி பயிரிட்டபோது தொடங்கியது. 1869-க்குப் பிறகு இலைத் துரு நோய் காப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அதற்கான உழைப்பாளிகள் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் மூலம் போனார்கள். முன்பணம் என்ற கடனோடு பயணம் தொடங்கும். அந்தக் கடன்தான் கால் விலங்கு. தொடக்க காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்தே போனவர்களில் வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். பஞ்சத்தோடு சாதியும் சேர்ந்துதான் அவர்களைக் கப்பலேற்றியது. சொந்த ஊரில் ஒரு துண்டு நிலம் இருந்தவர் எத்தனை பேர் அந்தக் கங்காணி பின்னால் போயிருப்பார்கள்?

இலங்கை விடுதலை பெற்ற 1948-லேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, இந்த மக்களில் பெரும்பான்மையோர் நாடற்றவர் ஆக்கப்பட்டார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று எழுதினார்கள். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காடு வெட்டி, மலை திருத்தி, ஒரு நாட்டின் ஏற்றுமதியையே முதுகில் சுமந்தவர்களை மூட்டை எண்ணுவதுபோல எண்ணினார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள், மற்றவர்கள் கிடைத்த ஊரில் கூலியானார்கள்.

நெல்லைக்காரர்களுக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. நம் மேற்கு மலையில் மாஞ்சோலை இருக்கிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அங்கே தேயிலை பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலி உயர்வுக்கும் சிறையில் இருந்த சக தொழிலாளர்களின் விடுதலைக்கும் 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலமாகப் போனவர்கள் மீது தாக்குதல் நடந்து, தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்த மக்கள், 2024-இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வேலையையும் வீட்டையும் விட்டு இறங்கச் சொல்லப்பட்டார்கள். காட்டைத் தேயிலையாக்கியவர்களுக்கு அந்த மலையில் ஒரு சென்ட் பட்டா கிடையாது.

இதோடு ‘எஞ்சாமி’ என்ற சொல்லையும் யோசித்துப் பாருங்கள். பண்ணையாரைச் ‘சாமி’ என்று கூப்பிடக் கட்டாயப்படுத்தப்பட்ட வாய்கள் நம் முன்னோருடையவை. அதே வாய் வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ‘என் சாமி’ என்று கொஞ்சும். வயலில் பயத்தில் சொன்ன சொல் வீட்டில் பாசத்தில் வேறு சொல்லாகிவிடும். இந்த இரண்டையும் வாழ்ந்து பார்த்த வீட்டிலிருந்துதான் அப்படியொரு தலைப்பு வரும்.

பெயர் விடுபட்ட இடங்கள்

பாட்டு பெரிதாக ஆக ஆக, அறிவின் பெயர் சிறிதாகிக்கொண்டே வந்ததை நாம் பார்த்தோம். டி.ஜே. ஸ்நேக் செய்த ரீமிக்ஸுக்காக நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வைத்த விளம்பரப் பலகையில் அறிவு இல்லை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ என்று அந்த அட்டை கொண்டாடிய இரண்டு பாட்டுகளுக்கும் வரி எழுதியவர் அறிவு. அட்டையில் அவர் இல்லை. அறிவு மீண்டும் இருட்டடிப்பு செய்யப்பட்டிருக்கிறார் என்று பா. ரஞ்சித் வெளிப்படையாக எழுதினார். எதிர்ப்பு வலுத்த பிறகு அந்த இதழ் அறிவுக்கென்று ஒரு டிஜிட்டல் அட்டையை வெளியிட்டது.

2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு இல்லை. சில நாட்களில் அறிவு ஓர் அறிக்கை வெளியிட்டார். பாட்டை அமைத்ததும் எழுதியதும் பாடியதும் தான் என்றார். மெட்டையோ ஒரு சொல்லையோ தனக்கு யாரும் தரவில்லை என்றார். தூக்கமில்லாத ஆறு மாத உழைப்பு என்றார். இது கூட்டு உழைப்பு என்பதை மறுக்கவில்லை, ஆனால் இது வள்ளியம்மாளின் வரலாறு, நிலமற்ற தேயிலைத் தோட்ட அடிமைகளான தன் மூதாதையரின் வரலாறு என்பது இல்லாமல் போய்விடாது என்றார்.

சந்தோஷ் நாராயணனும் பதில் அறிக்கை கொடுத்தார். மெட்டை அமைத்தது தீயும் தானும் என்றும், இசைக் கோர்ப்பும் ஒலிப்பதிவும் தன்னுடையவை என்றும், வரிகள் அறிவுடையவை என்றும் அதில் சொன்னார். பாட்டில் மரபான ஒப்பாரி வரிகள் சிலவும் இருப்பதைக் குறிப்பிட்டார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். செஸ் விழாவின்போது அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கினார். தீயும் தான் பேசிய எல்லா இடத்திலும் அறிவுக்கு உரிய இடம் கொடுத்தே வந்ததாக எழுதினார். 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று ஆண்டு ஆனபோது, இந்தப் பாட்டால் தங்களுக்கு இதுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் சொன்னார். அதாவது, உலகம் முழுக்க ஓடிய பாட்டில், மூவருக்கும் சமம் என்று சொன்ன பங்கு யாருக்குமே வந்து சேரவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் பொருள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எந்த மெட்டு யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. இரண்டு தரப்பும் வெளிப்படையாகப் பேசியிருக்கின்றன, அதை அப்படியே இங்கே வைத்திருக்கிறோம். எங்கள் கேள்வி வேறு. விளம்பரப் பலகையில் இடம் குறைந்தால், அட்டையில் இடம் குறைந்தால், மேடையில் ஆள் குறைந்தால், ஏன் ஒவ்வொரு முறையும் குறைவது அந்த வரலாற்றுக்குச் சொந்தக்காரனாக இருக்கிறது? ஒருமுறை என்றால் தற்செயல் எனலாம். மூன்று முறை நடந்தால் அதற்குப் பின்னால் ஒரு பழக்கம் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து சதி செய்யத் தேவையில்லை. யார் முகம் விற்கும், யார் பெயர் ‘உலகத் தரம்’, யார் வெறும் வரிகள் எழுதியவர் என்று ஏற்கெனவே பழகிப்போன கண்ணே அந்த வேலையைச் செய்துவிடும். 1964-இல் லேபிளில் இடம் இல்லை என்றதும் இதே பழக்கம்தான். அங்கே அதன் பெயர் வர்க்கம். இங்கே வர்க்கத்தோடு சாதியும் சேர்ந்து நிற்கிறது.

நமக்குச் சங்கடமான இன்னொரு கேள்வியும் உண்டு. அறிவு கேட்ட கேள்வியை ஒரு படி கீழே இறங்கி நாமும் கேட்க வேண்டும். அந்த ஒப்பாரி வரிகளை முதலில் பாடிய பெண்கள் யார்? சாவு வீட்டில் நெஞ்சில் அடித்துக்கொண்டு, அந்த நேரத்தில், அந்த இறந்தவருக்கென்று வரி கட்டுகிற பெண்ணைப் புலவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆதிக்க சாதியினர் வீட்டுச் சாவுக்குப் போய்ப் பறையடிப்பதும் மாரடிப்பதும் கூலியில்லாத கட்டாய வேலையாக இருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. நம் ஆட்கள் அந்த வேலையை மறுத்ததற்காக எத்தனை ஊரில் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள்! அந்த இழிவிலிருந்து பறையை மீட்டு மேடையேற்றினோம். ஒப்பாரி பாடிய ஆச்சிகளை மேடையேற்றினோமா?

சட்டம் என்ன சொல்கிறது

மேடைப் பேச்சோடு நின்றுவிடாமல் சட்டத்தையும் கையில் எடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. ஒரு பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகளை அது தனித்தனியாகப் பார்க்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு, அது எழுதியவருக்கு. மெட்டு இசைப் படைப்பு, அது இசையமைத்தவருக்கு. ஒலிப்பதிவு தனி, அது பணம் போட்டுத் தயாரித்தவருக்கு. ‘இது என் பாட்டு’ என்று மூன்று பேர் சொல்லும்போது மூவரும் வெவ்வேறு பொருளைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

2012-இல் வந்த திருத்தம் நமக்கு முக்கியமானது. அதற்கு முன்பு ஒரே ஒரு கையெழுத்தில் கவிஞரும் இசையமைப்பாளரும் எல்லாவற்றையும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போக வேண்டியிருந்தது. இப்போது ராயல்டியில் தன் பங்கைப் பெறும் உரிமையை அவர்கள் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை மாற்றிக்கொடுக்கலாம். காசை விடுங்கள், பெயருக்கும் உரிமை உண்டு. பிரிவு 57-இன்படி, பதிப்புரிமையை விற்ற பிறகும் ‘இதைப் படைத்தது நான்’ என்று கோரும் உரிமை படைப்பாளியிடமே இருக்கிறது.

சரி, ஆச்சி பாடுவது அவர் எழுதிய பாட்டு அல்லவே, யார் எழுதியது என்று தெரியாத பாட்டுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். பாட்டுக்கு இல்லாமல் இருக்கலாம். பாடியதற்கு உண்டு. பாடுகிறவர், ஆடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோரையும் நிகழ்த்துநர் என்று சட்டம் ஏற்கிறது. அவர் அனுமதியில்லாமல் அவர் நிகழ்த்தியதைப் பதிவு செய்யக் கூடாது. பதிவானால் இன்னார் பாடியது என்று அடையாளம் காட்டப்படும் உரிமை அவருக்கு உண்டு என்று 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 38பி சொல்கிறது. திரைப்படப் பாடகருக்கு மட்டும் என்று அதில் எழுதப்படவில்லை. காலனித் திண்ணையில் உட்கார்ந்து பாடும் ஆச்சியும் நிகழ்த்துநர்தான்.

அதாவது, 2019-இல் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டுவிட்டு ஆச்சியின் பெயரை விட்டபோது நாங்கள் செய்தது வெறும் மறதி அல்ல. அவருடைய உரிமையை மீறியிருக்கிறோம். அதுவும் அண்ணல் அம்பேத்கர் படம் மாட்டிய அறையில் உட்கார்ந்து. சமூகவியல் படித்த நாங்களே, எங்கள் சொந்த சனத்தைச் சேர்ந்த பெண்ணையே ‘மரபு’ ஆக்கிவிட்டோம்.

ஆச்சியிடம் திரும்பிப் போனோம்

அந்தப் பிள்ளை கேட்ட மறுநாள் சாயங்காலம் ஆச்சி வீட்டுக்குப் போனோம். ஆச்சி முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். கோபப்படுவார் என்று நினைத்தோம். “எம்பேரப் போட்டு என்ன ஆவப்போவுது மக்கா” என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “போடுறதுன்னா எங்கம்மா பேரையும் போடு. அவதான் நடுவைல முன்ன நின்னு பாடுவா. நான் பின்ன நின்னு வாங்கிப் பாடுனவ” என்றார்.

அப்படிப் பேச ஆரம்பித்ததில் பாட்டின் வழி துலங்கியது. ஆச்சியின் அம்மாவுக்கு அந்தப் பாட்டைக் கொடுத்தது சேரன்மகாதேவிப் பக்கம் நடவுக்குப் போன இடத்தில் பழக்கமான இன்னொரு பெண். பண்ணை ஆள் வரப்பில் நின்றால் ஒரு வரி, அவர் அந்தப் பக்கம் போய்விட்டால் வேறு வரி. நாங்கள் பதிவு செய்தது வரப்பில் ஆள் நின்றபோது பாடும் வரிகளை. அந்த இன்னொரு வரிகளை ஆச்சி அன்றைக்குத்தான் பாடிக் காட்டினார். பெயரைக் கேட்காமல் இருந்ததில் நாங்கள் இழந்தது பெயரை மட்டுமல்ல, பாட்டின் பாதியை.

இப்போது எங்கள் வீடியோவில் மூன்று பெண்களின் பெயர் இருக்கிறது. பாடியவர், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர், அவருக்கும் சொல்லிக் கொடுத்தவர். அதோடு பதிவு செய்த நாள், ஊர், எந்த வேலைக்கான பாட்டு என்பதும். வீடியோ மூலம் பணம் எதுவும் வரவில்லை. வந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, ஆச்சியின் சம்மதம் வாங்கி வைத்திருக்கிறோம்.

இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் 2011-இலிருந்து போராட்டப் பந்தல் இருந்தது தோழர்களுக்குத் தெரியும். அணு உலைக்கு எதிராக அங்கே உட்கார்ந்த பெண்கள் நாள் முழுக்கப் பேசினார்கள், ஜெபித்தார்கள், பாடினார்கள். தேசத்துரோக வழக்குப் பதிவேடுகளில் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்கு இருக்கிறது. பந்தலில் பாட்டுக் கட்டியவர்கள் பெயர் எந்த ஏட்டிலாவது இருக்கிறதா? போலீஸ் நம் பெயரை எழுதி வைக்கிறது. நாம் எழுதி வைப்பதில்லை.

ஆகவே மாணவத் தோழர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். பறைக் குழு, ராப் குழு, வீதி நாடகக் குழு எதுவாக இருந்தாலும், முதல் ஒத்திகைக்கு முன்னாலேயே உட்கார்ந்து எழுதுங்கள்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, யார் வாசிக்கிறார்கள், மரபுப் பகுதி என்றால் யாரிடம் கேட்டது, எந்த ஊரில், எந்த ஆண்டில். நட்பு இருக்கும்போதே எழுதுங்கள், புகழ் வந்த பிறகு எழுத முடியாது. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டிச் சம்மதத்தைக் குரலாகப் பதிவு செய்யுங்கள். பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தோடு வந்தால் ஒரு வழக்கறிஞர் தோழரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மையத்துப் பிள்ளைகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டுப் புத்தகத்தோடு காலனி காலனியாகப் போகிறார்கள். இதுவரை 11 ஆச்சிகளின் பாட்டைக் குறித்திருக்கிறார்கள். நோட்டில் முதல் வரி எப்போதும் பாடியவர் பெயர். இரண்டாவது வரி, அவருக்கு அதைக் கொடுத்தவர் பெயர். பாட்டு மூன்றாவது வரியில்தான் தொடங்குகிறது.

ஜெய் பீம்.